அழகுமுத்துவின் வலது கை

அழகுமுத்து கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். இடது கை தேயிலைக் கிளையை வளைத்துப் பிடிக்கும். வலது கையில் இருக்கும் வளைந்த கத்தி கீழிருந்து மேலாக ஒரே இழுப்பாக வரும். கிளை சரிந்து விழும்போது கை அடுத்த கிளைக்குப் போயிருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. இடுப்பில் படங்குச் சாக்கு சுற்றியிருந்தார், கழுத்தில் துளசி மாலை. நான் மலை ஓரத்தில் நின்று குடையை விரித்து முடிப்பதற்குள் ஒரு செடியை மொட்டையாக்கிவிட்டார்.

"மாளிகப்புறம், ஞாயித்துக்கிழம கெளம்புறோம். கால் தாங்குமா?" என்றார், நிமிராமலே.

"என் காலப் பத்தி நீங்க கவலப்படாதீங்க. உங்க முதுகப் பாத்துக்குங்க" என்றேன்.

ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டால் எங்கள் தோட்டத்தில் ஆணெல்லாம் சாமி, வயது போன பெண்கள் மாளிகப்புறம். மற்ற நாளில் அவருக்கு நான் வடிவக்கா, எனக்கு அவர் தம்பி.

அந்த வலது கையை எனக்கு நன்றாகத் தெரியும். நான் முதியோர் பராமரிப்பில் பயிற்சி எடுத்தவள். கொழும்பில் வீடு வீடாகப் படுக்கை நோயாளிகளைப் பார்த்துவிட்டு, வயதான பிறகு டயகமவுக்குத் திரும்பி வந்தேன். வந்த வருடமே அழகுமுத்துவின் தாய் பக்கவாதத்தில் விழுந்தார். இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்து, தோளோடு சேர்த்து எப்படிப் புரட்டுவது என்று ஒரு தடவைதான் காட்டினேன். அதன் பிறகு மகனே செய்தார். வேலை விட்டு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் தாயைத் தொடுவார். அந்த அம்மா முதுகில் ஒரு புண்ணும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார்.

மனைவிக்கு முதுகெலும்பு விலகி, கொழுந்துக்கூடை தூக்க முடியாமல் போய்விட்டது. மகள் நிலக்ஷி உயர்தரம் படிக்கிறாள். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஒரு கையால்தான். அவர் குடிக்க மாட்டார். கங்காணியோடு சண்டை போட மாட்டார். பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் பிடிவாதக்காரர். ஒன்றை நினைத்துவிட்டால் அவரிடம் பேசுவதும் பாறையிடம் பேசுவதும் ஒன்றுதான்.

எல்லோரையும் போல இந்தியாவுக்குப் போய் மலையேற வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. நாட்டில் விலைவாசி ஏறிய பிறகு விமானச் சீட்டு என்ற பேச்சையே விட்டுவிட்டார். பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு சின்ன ஐயப்பன் கோயில் இருக்கிறது. அங்கே நடந்தே போவது, அதுவும் வெறுங்காலோடு, ரோட்டைத் தொடாமல் தோட்டத்துக்குள்ளால் போவது என்று முடிவெடுத்தார். அட்டன் பேக்கரி ஒன்றில் வேலை செய்யும் ஜெயகாந்தன் சேர்ந்துகொண்டான். அவனுக்கு அது கன்னி மாலை, முதல் தடவை. இரண்டு ஆம்பிளைகளுக்குக் காலில் ஏதாவது ஏறினால் யார் பார்ப்பது என்று நானும் கிளம்பினேன்.

முதல் நாள் அட்டை. கீழ் மலையைத் தாண்டுவதற்குள் மூன்று பேர் காலிலும் இரத்தம் வழிந்தது. நான் சவர்க்காரத்தை நனைத்துத் தேய்த்து உதிர்த்தேன்.

"பாருங்க குருசாமி, நாம நாப்பது நாளா மரக்கறி. இந்த அட்டச்சாமிக்கு மட்டும் அசைவம் கேக்குது" என்றான் ஜெயகாந்தன்.

"கொல்லாம எடுத்துப் போடு" என்றார் அழகுமுத்து.

"நான் எங்க கொல்றேன்? அதுதான் என்னயக் கொல்லுது."

அக்கரப்பத்தனைப் பக்கம் இறங்கும்போது மூடுபனி அடைத்துக்கொண்டது. வளைவில் ஒரு மரை மான் நின்றது. நல்ல பெரிய பெட்டை. மனிதரைக் கண்டால் மரை நிற்காது. இது நின்றது. எங்களை அது பார்க்கவே இல்லை. காதை விறைத்துக்கொண்டு தனக்குப் பின்னால் இருந்த தேயிலையைப் பார்த்தது. நாங்கள் கைக்கெட்டும் தூரம் வரை போய்விட்டோம். அப்போதும் எங்கள் பக்கம் ஒதுங்கியதே தவிர, ஓடவில்லை.

"என்ன சாமி, நம்மளத் தொணைக்குக் கூப்பிடுது?" என்றான் ஜெயகாந்தன்.

அன்று தங்கிய தொழிலாளர் லயத்தில் நாய் குரைக்கவில்லை. லயத்துக்குள் அந்நியர் மூன்று பேர் இருட்டும் நேரத்தில் நுழைந்தால் நாய்கள் வானத்தைக் கிழிக்க வேண்டும். ஒரு காம்பரா வீட்டின் வாசலில் சங்கிலி மட்டும் கிடந்தது. அதன் நுனியில் தோல் பட்டி, கொக்கி போட்டபடியே இருந்தது.

"நாயெல்லாம் எங்க?" என்று வீட்டுக்காரர் வீரய்யாவைக் கேட்டேன்.

"அது கொண்டு போயிருச்சுங்க. கடைசியா இருந்தத போன கெழம. சத்தம்கூட வரல. காலைல பாத்தா பட்டி மட்டும் இருக்கு."

"வாகனம்" என்றார் அழகுமுத்து. மாலை போட்டிருக்கும்போது அவர் சிறுத்தையைப் பெயர் சொல்ல மாட்டார். தோட்டத்தில் எல்லோரும் அதைப் புலி என்பார்கள். ஐயப்பன் ஏறி வந்தது புலி. ஆகவே அவருக்கு அது சாமியின் வாகனம். "மால போட்டவன ஒண்ணும் செய்யாது. அதுக்குத் தெரியும்."

"நாய்க்கு மால இல்லாம போயிருச்சு" என்றேன் நான். அவருக்கு அது பிடிக்கவில்லை.

இரண்டாம் நாள் தலவாக்கலைக்கு மேலே ஏறினோம். லீக்ஸ் தோட்டங்களை ஒட்டிய பாதையில் ஒரு காட்டுப்பன்றி குறுக்கே வந்தது. முதலில் நாற்றம்தான் வந்தது. படுக்கைப் புண் முற்றினால் வரும் நாற்றம் அது, எனக்குப் பழக்கமானது. பின்னங்காலில் கம்பி இறுகி, சதைக்குள் புதைந்து, அதற்குக் கீழே கால் கறுத்துத் தொங்கியது. அறுந்த கம்பியின் மிச்சம் கல்லில் உரசி உரசிச் சத்தம் போட்டது. பன்றி எங்களைக் கண்டும் வேகமாகப் போக முடியாமல் வடிகால் கானுக்குள் இறங்கி மறைந்தது.

"கிளச்சுக் கம்பி. மோட்டச்சைக்கிள்ல கழட்டுறது" என்றார் அழகுமுத்து. "மரக்கறியத் தின்ன வருதேன்னு சுருக்கு வைக்கிறாங்க. அறுத்துக்கிட்டு ஓடினா இப்பிடித்தான், நின்ன எடத்துலயே அழுகும்."

பிற்பகல் முழுவதும் மேலே யூக்கலிப்டஸ் மரங்களில் குரங்குகள் கத்திக்கொண்டே இருந்தன. நாங்கள் நின்றால் அந்தச் சத்தமும் ஓரிடத்தில் நிற்கும். நடந்தால் கூடவே நகரும். குரங்கு எங்களைப் பார்த்துக் கத்தவில்லை என்று எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அன்று ஒரு பழைய பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தின் விறாந்தையில் படுத்தோம். மூன்றாம் நாள் விடிந்ததும் முகம் கழுவ, தண்ணீர் விழும் பீலிக்குப் போனேன். முந்திய மாலை அதே பாதையில்தான் மூவரும் வந்திருந்தோம். ஈரமண்ணில் எங்கள் வெறுங்கால் தடங்கள் தெளிவாக இருந்தன. என் குதிகால் தடத்துக்கு மேலே, அதை அழுத்தி, ஒரு வட்டமான பாதம் பதிந்திருந்தது. நகம் இல்லை. நாயாக இருந்தால் நகம் பதியும்.

அழகுமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தொணைக்கு வருது" என்றார்.

"சாமி, ரோட்டால போவோம். பஸ் இருக்கு" என்றேன்.

"நீங்க பஸ்ல போங்க மாளிகப்புறம். நாங்க நடக்குறோம்."

நான் பஸ்ஸில் போகவில்லை. அவருடைய கைக்கும் காலுக்கும் பொறுப்பு என்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

உச்சியைத் தாண்டிப் பூண்டுலோயா பக்கம் இறங்கத் தொடங்கியதும் அந்தச் சத்தம் கேட்டது. ஈர மரத்தை வாளால் அறுப்பது போல, இழுத்து இழுத்து. ஜெயகாந்தன், "இங்க யாரோ பலக அறுக்கிறாங்க" என்றான். பாதை வளைந்தது. தேயிலை முடிந்து ஒரு கரட் தோட்டம் தொடங்கும் இடம். தோட்டத்து ஓரத்து யூக்கலிப்டஸ் மரத்தில் கம்பி கட்டியிருந்தது. கம்பியின் மறுமுனையில் சிறுத்தை.

இடுப்பில் சுருக்கு விழுந்திருந்தது. மரத்தைச் சுற்றி எட்டிய தூரம் வரை மண் கிளறிக் கிடந்தது. தேயிலைச் செடிகள் பட்டை உரிந்து நின்றன. எங்களைப் பின்தொடர்ந்தது இதுதானா, வேறொன்றா என்று எனக்குத் தெரியாது. எங்களைக் கண்டதும் அது சத்தத்தை நிறுத்தியது. தலையைத் தரையில் வைத்துக்கொண்டு பார்த்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. வலி தாங்காமல் கத்துகிற நோயாளி திடீரென்று அடங்கினால் நான் கட்டிலை விட்டு ஓர் அடி தள்ளி நிற்பேன்.

"வனஜீவிக்காரங்களுக்கு போன் பண்ணுவோம். மயக்க ஊசி வச்சிருப்பாங்க" என்று போனை எடுத்தேன்.

கரட் தோட்டத்துக் குடிசையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். பெயர் தனுஷிகா என்று பிறகு தெரிந்தது. பின்னால் அவள் கணவன் சுமன்.

"அம்மா, போன் பண்ணாதீங்க! பன்னிக்குத்தான் வச்சோம். புலி விழும்னு யாருக்குத் தெரியும்? வந்தாங்கன்னா இவர உள்ள போட்டுருவாங்க. கைப்புள்ள இருக்கும்மா எனக்கு!"

"எப்ப விழுந்துச்சு?"

"நேத்து ராவு." சுமன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "செத்தா பொதச்சிரலாம்னு பாத்துக்கிட்டு இருக்கோம்."

அழகுமுத்து இருமுடியை இறக்கி ஒரு கல்லின் மேல் வைத்தார். "குறடு இருக்கா?" என்றார்.

"சாமி, கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றேன்.

"சாமியோட வாகனத்தக் கட்டிப் போட்டிருக்கு. இத விட்டுட்டு நான் கோயில்ல போய் எந்த மொகத்தோட நிக்கிறது?"

"வாகனமா இருக்கட்டும், என்னவா இருக்கட்டும். வலியில இருக்கு. வலியில இருக்கறது யாரையும் அடையாளம் பாக்காது. உங்கம்மா உங்களயே கடிக்கலயா?"

"அம்மா கடிச்சப்ப கைய எடுத்தேனா?"

ஜெயகாந்தன், "அப்ப மரத்துப் பக்கமா வெட்டி விட்டுருங்க குருசாமி, தூரமா இருக்கும்" என்றான். அது நல்ல யோசனை.

"நேத்து பன்னியப் பாத்தல்ல? கம்பியோட விட்டா இதுவும் அப்பிடித்தான் அழுகும்" என்றார் அழகுமுத்து. "இடுப்புலதான் வெட்டணும்."

சுமன் குறட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். கொடுக்காதே என்று நான் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்க விரும்பவில்லை. அழகுமுத்து தோளிலிருந்த கறுப்புப் போர்வையை விரித்து, மேட்டுப் பக்கமிருந்து மெல்ல இறங்கி, சிறுத்தையின் தலைமேல் போட்டார். அது அசையவில்லை. சரணம் சொல்லிக்கொண்டே முழங்காலில் உட்கார்ந்தார். இடது கையால் ரோமத்தை விலக்கிக் கம்பியைத் தேடினார். தாயைப் புரட்டும்போது எப்படிக் கையைக் கொடுப்பாரோ அப்படியே கொடுத்தார். அது மூச்சுவிடுவது எங்களுக்குக் கேட்டது. ஜெயகாந்தன் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

கிளச்சுக் கம்பி பல இழைகளை முறுக்கிச் செய்தது. ஒரே அழுத்தலில் அறாது. முதல் அழுத்தலில் சில இழைகள் டிக் என்று தெறித்தன. அவர் பிடியை மாற்றி இரண்டாவது தடவை அழுத்தினார்.

போர்வைக்குள்ளிருந்து தலை திரும்பியதை நான் பார்க்கவில்லை. அவருடைய வலது முழங்கைக்குக் கீழே போர்வை சுருண்டு நின்றதைத்தான் பார்த்தேன். பல் துணியையும் சேர்த்து உள்ளே போயிருந்தது. முன்னங்கால் புறங்கையில் விழுந்து மணிக்கட்டு வரை இழுத்தது. அவர் கத்தவில்லை. குறடும் கையை விட்டு நழுவவில்லை. கம்பி அறுந்தது. மஞ்சளாக ஏதோ ஒன்று என் முன்னால் நீண்டு கானுக்குள் விழுந்தது, தேயிலை ஒரு கோடாக அசைந்தது, பிறகு அதுவும் நின்றது.

"போயிருச்சா?" என்றார் அழகுமுத்து.

"போயிருச்சு. கையத் தூக்கிப் பிடிங்க. ஜெயகாந்தா, அந்தக் குழாயத் தொற!"

மரக்கறிக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயில் கையை வைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். வெள்ளையாகத் தசைநார் தெரிந்தது. என் பையிலிருந்த வெளுத்த வேட்டியைக் கிழித்து அழுத்திக் கட்டினேன். தனுஷிகா அவர் காலில் விழுந்தாள்.

"சாமி, யாருக்கும் சொல்லிராதீங்க. புலி கடிச்சதுன்னு சொன்னா எங்கன்னு கேப்பாங்க. என் புள்ள..."

"சொல்ல மாட்டேன் புள்ள" என்றார் அவர், முகம் சாம்பலாகியிருந்தது. இடது கையால் மாலையைப் பிடித்தார். "இது மேல சத்தியம்."

பாதையில் மோட்டார் சைக்கிள் மட்டும்தான் போகும். சுமன் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டான். அவனுடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு தெளிவாகச் சொன்னேன்: "தைக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லு." அவன் தலையாட்டினான். நானும் ஜெயகாந்தனும் மூன்று இருமுடிகளோடு நடந்து இறங்கினோம்.

நாங்கள் தோட்ட மருந்தகத்துக்கு வந்தபோது அவர்கள் அங்கே இல்லை. மருந்தக ஐயா பூட்டிக்கொண்டிருந்தார்.

"முள்ளுக்கம்பி வேலியில விழுந்துட்டாராம். கழுவித் தச்சு அனுப்பிட்டேன். கோயிலுக்குப் போறேன்னாரு."

"தச்சீங்களா? அது புலி கடிச்சது ஐயா!"

அவர் திறப்பைக் கீழே போட்டுவிட்டார். "புலியா? பல்லு மாதிரி இருக்கேன்னு கேட்டேனே! மாலையப் புடிச்சுக்கிட்டு வேலிக்கம்பின்னாரு. மால போட்டவர் பொய் சொல்வாரான்னு விட்டுட்டேன். அம்மா, உடனே கூட்டிக்கிட்டுப் போங்க. உள்ளுக்குச் சீழ் கட்டிருச்சுன்னா கை போயிரும்."

கோயிலுக்கு வந்தபோது மாலைப் பூசை தொடங்கியிருந்தது. அழகுமுத்து தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை மடியில் கிடந்தது. விரல்கள் கனிந்த வாழைப்பழம் போல வீங்கிப் பளபளத்தன. தையலுக்கு மேலே முழங்கையை நோக்கி ஒரு சிவப்புக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது.

"எழும்புங்க. வேனுக்குச் சொல்லிட்டேன்."

"காலைல நெய்யபிஷேகம் முடியட்டும். பிறகு போவோம்."

"காலைல கை இருக்காது."

"மாலைய முடிக்காம எப்பிடி வாறது?"

"மாலைய நீங்க கழட்டவே வேணாம். போட்டுக்கிட்டே வாங்க. உங்க இருமுடிய ஜெயகாந்தன் பாத்துக்குவான்."

அப்போதும் அசையவில்லை. ஜெயகாந்தன்தான் அவர் முன்னால் குந்தி, "குருசாமி, நான் கன்னிசாமி. எனக்கு எதுவும் தெரியாது. ஆனா நிலக்ஷிக்கு நான் என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லிக் குடுத்துட்டு இருங்க, நான் போய்ச் சொல்லிர்றேன்" என்றான். அவன் குரலில் அந்த ஒரு தடவைதான் கேலி இல்லை. அழகுமுத்து எழுந்தார்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். "எப்படி நடந்தது?"

"முள்ளுக்கம்பி" என்றார் அழகுமுத்து.

"புலி" என்றேன் நான். "கடி ஒண்ணு, நகம் ஒண்ணு. இன்னைக்குக் காலைல. கழுவினேன், பிறகு தச்சுட்டாங்க." சிங்களத்திலும் ஒரு தடவை சொன்னேன், எந்தக் குழப்பமும் இருக்கக் கூடாதென்று.

அழகுமுத்து என்னைப் பார்த்தார். அப்படி அவர் என்னை அதற்கு முன் பார்த்ததில்லை.

"மாளிகப்புறம், நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நீங்க பண்ணினீங்க. நான் பண்ணல."

டொக்டர் அங்கேயே தையலைப் பிரித்தார். வந்தது சீழும் போர்வை நூலும். விசர்நாய்க்கடிக்குப் போடும் விசர் ஊசி போட்டார்கள், நரம்பில் மருந்து ஏற்றினார்கள். வனஜீவிக்காரர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். இடத்தை நானே சொன்னேன். காயம்பட்ட சிறுத்தை இருக்கும் மலைக்குள் மறுநாள் காலை பெரட்டில் ஆள் பிரித்து முடிந்து பெண்கள் கொழுந்து எடுக்கப் போவார்கள். அவர்களுக்கு யார் சொல்வது? பிறகு வெளியே வந்து, சுமனுக்குப் போன் பண்ணி, "அவங்க வர்றதுக்கு முந்தி நீயே போய்ச் சொல்லிரு. மத்தக் கம்பியெல்லாத்தையும் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுப் போ" என்றேன். பின்னால் பிள்ளை அழும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை சுண்டுவிரலும் மோதிரவிரலும் கறுத்திருந்தன. சத்திர சிகிச்சை டொக்டர் பார்த்துவிட்டு, அந்த இரண்டையும் எடுத்தால் மற்றதைக் காப்பாற்றப் பார்க்கலாம், தாமதித்தால் மணிக்கட்டு என்றார். தியேட்டருக்குக் கொண்டுபோகக் கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்று தாதி சொன்னாள். அழகுமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயகாந்தன் போன் பண்ணினான். அவர் இருமுடியைப் பிரித்து, அவர் பெயர் சொல்லி, நெய்யபிஷேகம் முடித்துவிட்டானாம். மாலையை இறக்கலாம் என்று ஐயர் சொல்லிவிட்டாராம். போனை அழகுமுத்துவின் காதில் வைத்தேன். கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை முன்னால் நீட்டினார். நான் மாலையைத் தலை வழியாக எடுத்து, துணியில் சுற்றிப் பையில் வைத்தேன்.

தள்ளிக்கொண்டு போனார்கள். மதியத்துக்கு முன்பே திரும்பிவிட்டார். மயக்கம் தெளிந்ததும் கட்டைப் பார்த்தார், விரல்களை எண்ணவில்லை.

"சுமனக் கொண்டு போயிட்டாங்களா?" என்றார்.

"அவனாவே போயிட்டான். தனுஷிகா போன் பண்ணினா."

"உங்கள ஏசினாளா?"

"ஏசினா."

தலையசைத்தார். தாதி குடிக்கக் கொடுக்கலாம் என்றாள். பிளேன்டீயை ஆற்றி அவர் இடது கையில் கோப்பையைக் கொடுத்தேன். கோப்பை சாய்ந்து பாதி போர்வையில் கொட்டியது. துடைத்துவிட்டு, மறுபடியும் நிரப்பி, அதே கையில் கொடுத்தேன்.